ஊருக்குள்ள சிக்கிக்கிட்ட ஏரியையும் ஓடையையும் திரும்ப உயிரோட கொண்டு வர்றது எப்படி

சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022ல ராம்சர் அங்கீகாரம் (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற பட்டியல்ல சேர்க்குறது) கிடைச்சப்போ எங்க பக்கம் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம், ஆனா அந்த 1,248 ஹெக்டேருக்கு வேலி போட்டு காவல் வெச்சா போதும்னு நிறைய பேர் நினைச்சுட்டாங்க. அங்க நிக்கிற தண்ணி அங்கயே பெஞ்ச தண்ணி கிடையாது. சுத்தி சுமார் 250 சதுர கிலோமீட்டர்ல பெய்யுற மழை, சின்னதும் பெருசுமா 65 நீர்நிலை வழியா எறங்கி அங்க வந்து சேருது. ஒரு வரிசைய மட்டும் சொல்றேன்: செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், அப்புறம் சதுப்பு நிலம், அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியா கோவளம் முகத்துவாரத்துல கடல். மேல இருக்குற ஒரு ஏரியில சாக்கடை விட்டா கீழ இருக்குற பூநாரை வரைக்கும் அது போகும். அதனால நான் இங்க எழுதுறது மேல் பக்கத்து ஏரிகளையும் அதுங்கள இணைக்கிற ஓடைகளையும் எப்படி மீட்கறதுன்னுதான், எங்க தெருக்காரங்க சேர்ந்து சில வருஷமா எங்க ஏரியில செஞ்சு பார்த்ததுலேர்ந்து. உங்க ஊர் கோயம்புத்தூரா இருந்தாலும் மதுரையா இருந்தாலும் அடிப்படை இதேதான்.

மொதல்ல மேப். ஏரிய சுத்தி ஒரு ரவுண்டு நடந்துட்டு வேலைய ஆரம்பிச்சுடாதீங்க, ஏரிக்கு எங்கேர்ந்து தண்ணி வருது எங்க போகுதுன்னு தெரியாம செய்யுற எந்த வேலையும் ரெண்டு மழைக்கு மேல தாங்காது. கிராம வரைபடம், அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம்னு சொல்ற பதிவு), புலப்பட வரைபடம் (ஒவ்வொரு புலத்தோட அளவும் எல்லையும் காட்டுறது) மூணையும் எடுங்க, இப்போ நிறைய ஆன்லைன்லயே கிடைக்குது, இல்லன்னா தாலுகா ஆபீஸ்ல மனு போட்டு வாங்கலாம். அதுல வாய்க்கால், ஓடை, தாங்கல்னு போட்டிருக்குற புல எண் எல்லாத்தையும் கலர் பண்ணுங்க. அப்புறம் கூகுள் எர்த்ல பழைய வருஷத்து படங்கள ஒண்ணொண்ணா தள்ளிப் பாருங்க, எந்த வருஷம் எந்த கால்வாய் மேல எந்த லேஅவுட் வந்துச்சுன்னு கண்ணு முன்னாடியே தெரியும். தெருப் பேர்ல "தாங்கல்"னு இருந்தா அங்க ஒரு சின்ன ஏரி இருந்திருக்குன்னு எடுத்துக்கலாம்.

ஆனா பேப்பர்ல இல்லாதது ஆளுங்க கிட்ட இருக்கும். எங்க ஏரிக்கு கீழ நெல்லு விளைஞ்ச காலத்துல மதகு திறந்து விட்ட நீர்க்கட்டி தாத்தா ஒருத்தர் இன்னும் இருக்கார், அவர கூட்டிக்கிட்டு ஒரு நாள் சாயந்திரம் நடந்தோம். ஒரு அபார்ட்மெண்ட் பார்க்கிங் ஓரத்துல நின்னு செருப்ப கழட்டிட்டு காலால தரைய அழுத்திப் பார்த்தார். "இங்கதான் தம்பி வாய்க்கால் திரும்பும், ஐப்பசியில இந்த எடத்துல நின்னா கால இழுத்துட்டுப் போயிடும்"னார். பக்கத்து காம்பவுண்டு சுவர பார்த்தா ரெண்டடி உயரம் வரைக்கும் ஈரம் ஏறி சிமெண்ட் பூச்சு பொரிஞ்சு உதிர்ந்து கிடக்கு, வருஷா வருஷம் பூசியும் நிக்கலையாம். வீட்டுக்குப் போய் கிராம வரைபடத்த எடுத்துப் பார்த்தா ஓடை சரியா அதே எடத்துலதான் வளையுது. இந்த மாதிரி ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அவங்க இருக்கும்போதே போய் கேட்டுடுங்க. அதோட நவம்பர்ல மொத பெரிய மழை பெய்யும்போது குடைய எடுத்துக்கிட்டு நடங்க, ரோட்டுல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது எங்க தேங்குதுன்னு வீடியோ எடுங்க, அதுக்கு மேல ஒரு சர்வே கிடையாது.

அடுத்தது சாக்கடை, இதுலதான் நிறைய நேரம் போகும், போகணும். ஏரி கெட்டுப் போறதுக்கு நெகிழிதான் காரணம்னு நினைச்சு ஞாயித்துக்கிழமை குப்பை பொறுக்கிட்டு போட்டோ போடுறோம், அது தப்பில்ல, ஆனா கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சு வர்ற கழிவுதான் ஏரிய கொல்லுது. கண்டுபிடிக்கிற வழி சுலபம்: மழை நின்னு 3 நாள் ஆன பிறகும் மழைநீர் வடிகால்ல தண்ணி ஓடிக்கிட்டு இருந்தா அது மழைத்தண்ணி இல்ல. காலையில 6லேர்ந்து 9 வரைக்கும் கரைய சுத்தி நடந்து ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு நம்பர் குடுங்க, போட்டோ, லொகேஷன், நேரம், நாத்தம், நுரை எல்லாம் எழுதுங்க. 20 லிட்டர் பக்கெட்ட பைப்புக்குக் கீழ வெச்சு போன்ல ஸ்டாப்வாட்ச் போடுங்க (கையுறை, ரப்பர் பூட்ஸ் இல்லாம இத செய்யவே கூடாது, மேன்ஹோலுக்குள்ள யாரையும் எறங்க விடவே கூடாது, அது உயிர் போற விஷயம், சட்டப்படி குற்றமும் கூட). 40 செகண்டுல ரொம்புச்சுன்னா செகண்டுக்கு அரை லிட்டர், நாள் முழுக்க அதே வேகத்துல ஓடுனா 43,200 லிட்டர். ஒரு ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் கழிவுநீர்னு வெச்சா அந்த ஒரு பைப்புல 430 பேரோட சாக்கடை வருது. காலையில கூடுதலாவும் நடுராத்திரி கம்மியாவும் இருக்கும், அதனால 4 வேளை அளந்து சராசரி எடுங்க.

இந்தக் கணக்கு கையில இருந்தா மனு எழுதுறதே வேற மாதிரி ஆகிடும். "ஏரி அசுத்தமா இருக்கு, நடவடிக்கை எடுக்கவும்"னு எழுதுனா அது ஒரு ஃபைல்ல போய் தூங்கும். ஒரு பைப்புக்கு ஒரு மனு, இந்த நம்பர், இந்த எடம், நாளைக்கு இவ்வளவு லிட்டர், இந்தத் தெருவுல பாதாள சாக்கடை இருந்தும் வீடுங்க கனெக்ஷன் எடுக்கல, இல்ல இந்த அபார்ட்மெண்டோட சுத்திகரிப்பு மெஷின் ஓடல, அப்படின்னு எழுதுங்க. எங்க தெருவுல கனெக்ஷன் எடுக்காத வீடுங்களுக்கு நாங்களே நேர்ல போய் பேசினோம், பாதி பேருக்கு தன் வீட்டு பைப்பு ஏரிக்குதான் போகுதுன்னே தெரியாது. ஒரு அக்கா மட்டும் கேட்டாங்க, "ஏரியோரக் கிணத்துத் தண்ணிய நானும்தானே குடிச்சேன், யாருமே சொல்லலையே"ன்னு. அடுத்த மாசமே கனெக்ஷன் எடுத்துட்டாங்க.

எல்லா பைப்பையும் அடைக்க முடியாது, அதையும் ஒத்துக்கணும். மிச்சம் வர்ற தண்ணிய ஏரிக்குள்ள விடுறதுக்கு முன்னாடி ஒரு நாணல் படுகை வழியா விடலாம். மொதல்ல ஒரு வண்டல் தொட்டி, கசடு அதுலயே தங்கணும், அப்புறம் சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி போட்ட படுகை, அதுல சம்பு, நாணல், கல்வாழை, வெட்டிவேர். தண்ணி ஜல்லிக்கு மேல தெரியாம அடியிலயே நகரணும், அப்பதான் கொசுவும் நாத்தமும் இருக்காது. செடி அழுக்க உறிஞ்சுதுன்னு சொல்றாங்க, உண்மையில பெரும்பாலான வேலைய செய்யுறது ஜல்லியிலயும் வேர்லயும் ஒட்டிக்கிட்டு வாழுற நுண்ணுயிருங்கதான். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு ஆளுக்கு 1லேர்ந்து 2 சதுர மீட்டர் படுகை வேணும், அப்போ மேல சொன்ன ஒரு பைப்புக்கு ஒன்றரை மீட்டர்னு போட்டா கிட்டத்தட்ட 650 சதுர மீட்டர், அதாவது 16 சென்ட் நிலம். அவ்வளவு எடம் இல்லன்னா படுகை பாதி வேலைதான் செய்யும். இந்தக் கணக்கு போடாம ரெண்டு மிதவையில நாலு கல்வாழைய நட்டுட்டு ஏரிய சுத்தம் பண்ணிட்டோம்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

அனுமதி பத்தி சுருக்கமா: ஏரி யார் கட்டுப்பாட்டுல இருக்குன்னு பாருங்க, நீர்வளத்துறையா, மாநகராட்சியா, ஊராட்சியா, வனத்துறையா. எழுத்துல அனுமதி இல்லாம ஒரு கூடை மண்ணு கூட எடுக்காதீங்க. ஆக்கிரமிப்புக்கு 2007ல வந்த குளங்கள் பாதுகாப்பு சட்டம் இருக்கு, ஆனா எல்லை அளந்து கல்லு நட்ட பிறகுதான் அதுல எதுவும் நகரும், அதனால மொத மனு அளவைக்குத்தான் போடணும்.

இப்போ தூர்வாருறது. இதுல நாங்க ஒரு பெரிய தப்பு பண்ணோம், மனசு இன்னும் ஆறல. ஏரி ஆழமா இருந்தா நிறைய தண்ணி நிக்கும்னு நாங்களே கேட்டு, கரை ஓரத்துலேர்ந்து நடு வரைக்கும் ஒரே ஆழமா கிண்ணம் மாதிரி வெட்ட வெச்சோம், உள்பக்கம் கல்லு பதிச்சு மேல நடைபாதையும் போட்டாச்சு. பார்க்க அழகா இருந்துச்சு. முந்தின ஜனவரியில வரத்துக்கால்வாய் பக்கத்து சேத்துல 40க்கு மேல பவளக்கால் உள்ளான் நின்னு மேஞ்சத நானே எண்ணியிருந்தேன், அடுத்த ஜனவரியில ஒண்ணு கூட இல்ல, நடுவுல நாலு நீர்க்காகம் மட்டும் நீந்திக்கிட்டு இருந்துச்சு. உள்ளான் எல்லாம் கால் நனையுற ஆழத்துல மேயுற பறவைங்க, நாங்க அந்த ஆழத்தையே வழிச்சு எடுத்து லாரியில ஏத்தி அனுப்பிட்டோம்.

அதனால ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி ஏரிய மூணு பங்கா பேப்பர்ல வரைஞ்சு கைல வெச்சுக்கங்க. வரத்துக்கால்வாய் நுழையுற பக்கம் 5லேர்ந்து 15 சென்டிமீட்டர் ஆழத்துல சேத்து மேடை, அதத் தொடவே கூடாது. அடுத்து முட்டியளவு, தொடையளவு ஆழம், அங்கதான் அல்லி, கோரை, தாழைக்கோழி, இலைக்கோழி எல்லாம். மதகு பக்கமோ நடுவுலயோ ஒன்றரைலேர்ந்து 2 மீட்டர் ஆழத்துக்கு மடு, கத்திரி வெயில்ல மீனுங்க உயிரோட தங்குறதுக்கு. கொள்ளளவு வேணும்னு கேப்பாங்க, அந்த மடுவ இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்திக் குடுங்க, ஓரத்த மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. உள் சரிவு 6 அடிக்கு 1 அடி, முடிஞ்சா 10 அடிக்கு 1 அடி எறங்குற மாதிரி சாய்வா இருக்கட்டும், ஆமையும் தவளையும் மாடும் ஏறி எறங்க முடியணும். எடம் இல்லாத பக்கம் மட்டும் கல்லு போடுங்க. அடியில இருக்குற களிமண் படுகையத் தாண்டி மணல் வர்ற வரைக்கும் வெட்டிடாதீங்க, தண்ணி தங்காது, சாக்கடை கலந்த ஏரின்னா அந்த அழுக்கு நேரா ஊர் கிணத்துக்கு எறங்கிடும். எடுத்த வண்டல லேப்ல குடுத்து ஈயம், குரோமியம் மாதிரி உலோகம் இருக்கான்னு பார்த்த பிறகுதான் வயலுக்கோ தோட்டத்துக்கோ குடுக்கணும், பக்கத்து பள்ளத்துல கொட்டி இன்னொரு நீர்நிலைய மூடிடக் கூடாது.

நடுவுல ஒரு மண் திட்டு விட்டா நல்லது. வேடந்தாங்கல்ல பறவைங்க கூடு கட்டுறது தண்ணிக்குள்ளயே நிக்கிற நீர்க்கடம்பு மரத்துலதான், அதயே நடலாம். அந்த ஊர்க்காரங்க பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி பயிருக்கு உரம்னு தெரிஞ்சு தலைமுறை தலைமுறையா வேட்டைக்காரங்கள உள்ள விடாம காத்தாங்க. ஊருக்கே ஒரு பிரயோஜனம் இருந்தா காவலுக்கு ஆள் தேட வேண்டாம், இத திட்டம் போடும்போதே யோசிங்க.

ஓடைக்கு வருவோம். ரெண்டு ஏரிக்கு நடுவுல இருக்குற ஓடைய இப்போ எல்லா எடத்துலயும் கான்கிரீட் பெட்டியா மாத்துறாங்க, மழைத்தண்ணி சீக்கிரம் போகும், ஆனா வேகமா போற தண்ணி அடுத்த ஊர்ல போய் வெள்ளமா நிக்கும், உள்ள ஒரு நண்டு கூட வாழாது. சிங்கப்பூர்ல பிஷான் அங் மோ கியோ பூங்காவுல கல்லாங் ஆத்தோட 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய உடைச்சு 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு ஓடுற ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க, அங்க சொந்தக்காரங்க இருந்தா ஒரு நாள் போய் பார்க்கச் சொல்லுங்க, இல்ல போனா நீங்களே பாருங்க. நமக்கு அவ்வளவு எடம் கிடைக்காது, ஆனா செய்யக்கூடியது இருக்கு. பக்கச் சுவர் கட்டியே ஆகணும்னா கட்டட்டும், அடிய மட்டும் மண்ணா விடச் சொல்லி கேளுங்க. அடியில நடுவுல ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி பள்ளம் எடுத்தா கோடையில இருக்குற கொஞ்ச தண்ணியும் பரவி காயாம அதுலயே ஓடும். ஓடையோட அகலத்த மாதிரி 5லேர்ந்து 7 மடங்கு தூரத்துக்கு ஒரு மடு இயற்கையாவே உண்டாகும், அதனால 4 மீட்டர் அகல ஓடையில 20லேர்ந்து 28 மீட்டருக்கு ஒண்ணுன்னு மடு எடுத்து நடுவுல கல்லும் மரக்கட்டையும் போடுங்க. கரை சரியுற எடத்துல தேங்காய் நார் பாய் விரிச்சு வெட்டிவேரும் நொச்சியும் நட்டா ரெண்டு மழையில பிடிச்சுக்கும். தெற்குக் கரையிலயோ மேற்குக் கரையிலயோ புங்கன், நாவல், நீர்மருது நடுங்க, வெயில் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் அடிக்கும், தண்ணி சூடாகாம இருந்தா ஆக்சிஜன் தங்கும். எதிர்க் கரைய காலியா விடுங்க, தூர்வார வண்டி வரணும், ரெண்டு பக்கமும் மரம் வெச்சா பின்னாடி அத வெட்டிட்டுத்தான் வருவாங்க.

யாரும் கவனிக்காத ஒண்ணு, சின்ன பாலத்துக்கு அடியில போடுற குழாய். புது தண்ணி வந்ததும் விரால், கெளுத்தி, கெண்டை எல்லாம் தண்ணிய எதிர்த்து மேல ஏறும், முட்டை போட. குழாய் வாய் ஓடை மட்டத்துக்கு ஒரு அடி மேல தொங்கிக்கிட்டு இருந்தா அங்கேயே துள்ளித் துள்ளி நின்னுடும், பசங்க வலைய வெச்சு அள்ளிட்டுப் போயிடுவாங்க. குழாயோட உயரத்துல அடியில அஞ்சுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்குற மாதிரி பதிக்கச் சொல்லுங்க, ஏற்கனவே தொங்குதுன்னா கீழ்ப்பக்கம் கல்லு அடுக்கி 20 அடிக்கு 1 அடி ஏறுற சாய்வு ஒண்ணு கட்டிடுங்க. கலங்கலுக்கு (ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழியுற எடம்) ஓரத்துலயும் இதே மாதிரி செய்யலாம். செலவு ரொம்ப கம்மி, பலன் உடனே தெரியும்.

களை எடுக்குறதுல அவசரம் கூடாது. ஆகாயத்தாமரைய பூ விடுறதுக்கு முன்னாடி கரையோட எல்லா பக்கத்துலேர்ந்தும் ஒரே வாரத்துல எடுங்க, பாதி விட்டா சில வாரத்துலயே திரும்ப மூடிடும், அதுக்கு தீனியே சாக்கடைதான், சாக்கடைய நிறுத்தாம அத எடுக்குறது வருஷா வருஷம் பணத்த கொட்டுறது. நெய்வேலி காட்டாமணக்கோட ஒரு துண்டு ஈரமண்ணுல கிடந்தா கூட வேர் விடும், அதனால கரைக்கு வெளிய கொண்டு போய் காய வையுங்க. சீமைக்கருவேலத்த தரையோட வெட்டுனா பத்து கிளையா வரும், ஒரு அடி தோண்டி வேர்க்கட்டையோட எடுக்கணும், அதுவும் கூடு இருக்கான்னு பார்த்து பகுதி பகுதியா. சம்ப மட்டும் முழுசா அழிச்சுடாதீங்க, மூணுல ஒரு பங்கு இருக்கட்டும், மிச்சத்த மழைக்கு முன்னாடி தரை ஒட்டி அறுத்துட்டா தண்ணி ஏறி தண்டு மூழ்கி தானா அழுகிடும். சதுப்புல திறந்த வெளியா கிடக்குற எடத்துல மரக்கன்னு நடவே கூடாது, அந்த வெறும் சேறும் புல்லும்தான் அங்க வாழ்றதுங்களுக்கு வீடு.

கொசு வரும்னு ஒரு கூட்டம் கண்டிப்பா எதிர்க்கும், கோவப்படாம பேசுங்க, அவங்க பயம் நியாயமானது. டெங்கு கொசு முட்டை போடுறது நம்ம வீட்டு டிரம்மு, டயரு, தொட்டியில, யானைக்கால் கொசு தேங்குன சாக்கடையில. மீனும் தட்டானும் இருக்குற தண்ணியில புழு பெருசாகுறதுக்குள்ள தின்னுடும். கொசுப்புழு தின்னும்னு சொல்லி கம்பூசியாங்கிற வெளிநாட்டு மீன் விடுறேன்னு யாராவது வந்தா வேண்டாம்னு சொல்லுங்க, அது தவளைக் குஞ்சையும் உள்ளூர் மீன் குஞ்சையும் சேர்த்து தின்னும், நம்ம ஓடைகள்ல நெத்தியில வெள்ளிப்புள்ளி மின்ன மேல்மட்டத்துலயே நீந்துற குட்டி மீன் இருக்கு, அதே போதும்.

கரையில குடியிருக்கவங்க விஷயத்துல ரொம்ப யோசிக்கணும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு கரையில இருந்த குடும்பங்கள நிறைய பேர பெரும்பாக்கத்துக்கு மாத்துனாங்க, அந்தப் பெரும்பாக்கமே பள்ளிக்கரணை சதுப்ப ஒட்டுன தாழ்வான எடம், அங்கயும் மழைக்கு தண்ணி சூழுது. ஏரிக்குள்ள தூண் எழுப்புன பெரிய கட்டடத்த விட்டுட்டு குடிசைய மட்டும் எடுக்குறதுக்கு உங்க மேப்பும் மனுவும் பயன்பட்டுடக் கூடாது. மீன் பிடிக்கிறவங்க, மாடு மேய்க்கிறவங்க, துணி துவைக்கிறவங்க எல்லாரையும் மொத கூட்டத்துக்கே கூப்பிடுங்க, தினமும் ஏரிய பார்க்குறது அவங்கதான்.

வருஷத்துக்கு ஒரு ஒழுங்கு வெச்சுக்கங்க. ஜனவரியில பொங்கல் பறவை கணக்கெடுப்புல சேர்ந்து எண்ணிடுங்க. பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் பைப்பு அளக்குறது, மனு, கூட்டம். மண் வேலை மே, ஜூன், ஜூலையில, ஆகஸ்ட்டுக்குள்ள முடியலன்னா நிறுத்திடுங்க, பாதி வெட்டுன கரைய வெச்சுக்கிட்டு மழைக்காலத்துக்குள்ள போகக் கூடாது. செப்டம்பர்ல கோரையும் வெட்டிவேரும் நடலாம். மாசம் ஒரு தடவை ஒரே எடத்துல நின்னு ஒரே பக்கம் பார்த்து போட்டோ, அதோட விடியறதுக்கு முன்னாடி தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன அளக்கணும், ஏன்னா ராத்திரி முழுக்க எல்லா உயிரும் மூச்சு விட்டு அந்த நேரத்துலதான் ரொம்ப குறைஞ்சு இருக்கும், அப்பவும் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல இருந்தா மீன் பொழைக்கும். மத்தியானம் அளந்துட்டு நல்லா இருக்குன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க.

செலவுல பாதிய மொத வருஷத்துக்கு வெச்சுக்கிட்டு மீதிய அடுத்த அஞ்சு வருஷ பராமரிப்புக்குன்னு தனியா எடுத்து வையுங்க, திறப்பு விழாவோட காசு தீர்ந்து போன ஏரிங்கள நிறைய பார்த்துட்டேன். அந்தக் காசுல மொத செலவு எப்பவும் வண்டல் தொட்டிக்குத்தான், செப்டம்பர் கடைசி வாரத்துல அத அள்ளி காலி பண்ணி, குப்பை பிடிக்கிற கம்பிவலைய கழுவி, மதகு பலகைய ஒரு தடவை தூக்கி எறக்கி பார்த்துடுங்க.